முதல் வகுப்பின் கடன்

என் தங்கையின் பேத்தி டொராண்டோவில் பிறந்து வளர்ந்தவள். உயிரியலில் பட்டம் பெற்று ஓராண்டு ஆகிறது. அண்மையில் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். தென் கொரியாவில் ஒரு தனியார் பயிற்சிக்கூடத்தில் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஓராண்டுப் பணி கிடைக்கும் போலிருக்கிறது. ஊதியத்தோடு தங்கும் வீடும் விமானச் செலவும் தருகிறார்கள். ஆசிரியப் பயிற்சியும் கேட்கவில்லை, முன்னனுபவமும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாள். "ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும் என்கிறார்கள், தாத்தா. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. எனக்குத்தான் உறுத்துகிறது. கற்பிக்கத் தெரியாத நான் கற்பிப்பதாகச் சொல்லிச் சம்பளம் வாங்குவது சரியா?" என்று கேட்டிருந்தாள்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆங்கில ஆசிரியனாக இருந்தவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறாள். உடனே பதில் எழுத அமர்ந்தேன், எழுத முடியவில்லை. "போய் வா, அம்மா" என்று எழுதினால் நான் வாழ்ந்த தொழிலை நானே மலிவாக்கியது போலாகும். "போகாதே" என்று எழுதினால் என் சொந்தத் தொடக்கத்தையே நான் மறைத்தவனாவேன். மூன்று வாரம் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. அந்தச் சிந்தனையையே இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் பரந்து வாழ்கிறார்கள். இத்தகைய கேள்வி நாளை வேறொரு வீட்டின் கதவையும் தட்டக்கூடும்.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். தென் கொரியா அயல்நாட்டு மொழியாசிரியருக்கு வழங்கும் விசாவுக்கு 'ஈ-2' என்று பெயர். ஆங்கிலம் கற்பிக்க அது பொதுவாக ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே வழங்கப்படுகிறது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் வேண்டும். குற்றப் பின்னணி இல்லை என்னும் சான்றும், உடல்நலச் சான்றும் வேண்டும். 'ஹாக்வோன்' எனப்படும் தனியார் பயிற்சிக்கூடங்களில் பணிபுரிய ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் வற்புறுத்துவதில்லை. கனடாவின் கடவுச்சீட்டும் உயிரியல் பட்டமும் உள்ள எங்கள் பேத்திக்குக் கதவு திறப்பது இவ்வாறுதான்.

அதே கதவின் முன் வேறொருவரை நிறுத்திப் பார்ப்போம். நம் ஊர்ப் பள்ளியில் இருபது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த, முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்ற ஓர் ஆசிரியை. இந்த ஏழு நாடுகளின் பட்டியலில் அவர் நாடு இல்லை. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார உடன்பாட்டின் கீழ் ஒரு சிறு வழி உண்டு: பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் செல்லலாம். ஆனால் அதற்குப் பட்டத்தோடு ஆங்கில ஆசிரியருக்கான தகுதிச் சான்றும் காட்ட வேண்டும். ஒரே நாட்டின் விதிகள் ஒருவரிடம் பிறந்த நாட்டைக் கேட்கின்றன; இன்னொருவரிடம் கற்ற தொழிலைக் கேட்கின்றன. இதில் உள்ள கசப்பை மறைக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணம் ஒரு நாளில் தோன்றியதன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆங்கில ஆசிரியர் என்னும் நம்பிக்கை நெடுங்காலமாய் வேரூன்றியது. 1961-இல் உகாண்டாவின் மக்கெரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் கல்வியாளர் ஆங்கிலம் கற்பித்தலைக் குறித்துக் கூடினர். அம்மாநாட்டின் சிந்தனையில் இந்த நம்பிக்கை பொதிந்திருந்ததை எடுத்துக்காட்டி, அது ஒரு பிழையான கருத்து என்று ராபர்ட் பிலிப்சன் 1992-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். ஆயினும் பெற்றோர் அதையே நம்புகின்றனர். பயிற்சிக்கூடங்கள் அதையே விற்கின்றன.

அது ஏன் பிழை? ஆங்கிலத்தை விட்டுவிட்டு நம் மொழிக்கு வருவோம். தமிழ் கற்கும் ஓர் அயல்நாட்டார் உங்களிடம், "'நான் நடக்கிறேன்' என்கிறீர்கள், 'நான் உண்கிறேன்' என்கிறீர்கள், அப்படியானால் 'நான் பசிக்கிறேன்' என்று சொன்னால் ஏன் சிரிக்கிறீர்கள்? 'எனக்குப் பசிக்கிறது' என்பது ஏன்?" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். நம்மில் எத்தனை பேரால் விளக்க முடியும்? நாம் ஒருநாளும் அதில் தவறுவதில்லை. ஆனால் காரணத்தை ஒருநாளும் எண்ணியதுமில்லை. 'நாம்' எங்கே, 'நாங்கள்' எங்கே என்பதும் அவ்வாறே. கால் நடக்கிறது என்பதால் எலும்பும் தசையும் இயங்கும் முறை நமக்குத் தெரிந்துவிடுவதில்லை. மொழி நம்மிடம் இருக்கிறது. மொழியைப் பற்றிய அறிவு நம்மிடம் இல்லை.

ஒரு மனிதர் இன்னொருவருக்குக் கற்பிக்க முடியுமா என்னும் கேள்வியைப் புனித தோமா அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் 'உண்மையைக் குறித்து' என்னும் விவாத நூலில் ஆராய்ந்தார். அவர் ஆசிரியரை மருத்துவரோடு ஒப்பிடுகிறார். நோயாளியை நலப்படுத்துவது அவர் உடலில் உள்ள இயற்கையின் ஆற்றலே. மருத்துவர் அதற்குத் துணை நிற்கிறார். அவ்வாறே அறியும் ஆற்றல் மாணவரிடமே உள்ளது. ஆசிரியர் அதற்குத் துணை நிற்கிறார். ஆனால் அவ்வாறு துணை நிற்பவர், தாம் கற்பிப்பதைத் தெளிவாகவும் நிறைவாகவும் தம் அறிவில் கொண்டிருக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. நாவில் இருப்பது போதாது. அறிவில் இருக்க வேண்டும். இந்த அளவுகோலின்படி எங்கள் பேத்தி இன்னும் ஆசிரியர் அல்லள்.

அவ்வாறாயின் "போகாதே" என்று சொல்லிவிடலாமே? இங்கேதான் என் பழைய கதை குறுக்கே வருகிறது.

1974-ஆம் ஆண்டு. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, பி.எட். படிக்கப் பணமின்றி, ஒரு டுடோரியல் கல்லூரியில் சேர்ந்தேன். பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் தவறியவர்களே அங்கே மாணவர்கள். எனக்குப் பயிற்சியும் இல்லை, அனுபவமும் இல்லை. ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்துகொண்டே படிக்க வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் முதல் வரிசையில் அமர்வான். ஒரு நாள் எழுந்து, "சார், 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' ஏன் தப்பு? தமிழில் 'நேத்து அவரைப் பாத்திருக்கேன்'னு சொல்றோமே?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அது தவறு என்று தெரியும். ஏன் தவறு என்று தெரியாது. தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. "அது அப்படித்தான். முதலில் தேர்ச்சி பெறு, பிறகு கேள்வி கேட்கலாம்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் அமர்ந்தான். அதன்பின் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சில வாரங்களில் வருவதையும் நிறுத்திவிட்டான். கட்டணம் கட்ட இயலாமல் நின்றானா, என் சொல்லால் நின்றானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கடந்த காலத்தில் முடிந்துபோன ஒரு நேரத்தை, 'நேற்று' என்பது போல், குறித்துச் சொல்லும்போது ஆங்கிலம் அந்த வினை வடிவத்தை ஏற்பதில்லை. அந்த எளிய விளக்கத்தை நான் பி.எட். படித்தபோது கற்றுக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவன் இல்லை.

ஆகவே தகுதியின்றித் தொடங்குவதே பாவம் என்று நான் சொல்ல இயலாது. அப்படியானால் தொடக்கமே இல்லை. எவரும் தம் முதல் வகுப்பை அனுபவத்தோடு நடத்துவதில்லை. மருத்துவருக்கும் ஒரு முதல் நோயாளி உண்டு. வழக்கறிஞருக்கும் ஒரு முதல் வழக்கு உண்டு. எல்லாத் தொழிலிலும் தொடக்கக்காரரின் பிழைக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். கற்பித்தலில் அந்த விலையைக் கொடுப்பவர்கள் முதல் வகுப்பு மாணவர்கள். அது ஒரு கடன். கடன்படுவது குற்றமன்று. கடன்பட்டிருக்கிறோம் என்பதையே அறியாதிருப்பதும், அறிந்தும் மறைப்பதும் குற்றம். அந்தப் பையனிடம் நான் செய்த தவறு அறியாமையன்று. அறியாமைக்கு அதிகாரத்தின் போர்வையைப் போர்த்தியதே.

மருத்துவத்தில் இந்தக் கடனைச் சமூகம் ஒழுங்குபடுத்தியிருக்கிறது. புதியவர் தனியே விடப்படுவதில்லை. மூத்தவர் அருகில் நிற்கிறார். ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோருக்கும் அத்தகைய ஏற்பாடு இயலாததன்று. ஜப்பான் அரசு 1987-இல் 'ஜெட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டில் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் சென்றனர். அவர்களுக்கும் பட்டம் போதும். ஆசிரியப் பயிற்சி கட்டாயமில்லை. ஆனால் அவர்களுள் பெரும்பாலோரின் பதவிப் பெயரே 'உதவி மொழி ஆசிரியர்' என்பது. வகுப்பின் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. வந்தவர் அவர் அருகில் நின்று துணை செய்பவர். நடைமுறையில் சில பள்ளிகளில் உதவியாளரே தனித்து வகுப்பை நடத்த நேர்வதும் உண்டு. எனினும் அந்தப் பெயரில் ஒரு நேர்மை இருக்கிறது. பயிற்சிக்கூடத்தில் தனியறையில் பத்துக் குழந்தைகளின் முன் முதல் நாளே 'டீச்சர்' என்று நிறுத்தப்படும் இளைஞனுக்கு அந்த நேர்மையின் துணை கிடைப்பதில்லை.

இளமையின் ஆர்வத்தை நம்பித் தொடங்கிய முயற்சிகளும் நாளடைவில் இதையே கற்றுக்கொண்டன. 1958-இல் அலெக் டிக்சனும் அவர் மனைவி மோராவும் பிரிட்டனில் 'வி.எஸ்.ஓ.' என்னும் தன்னார்வத் தொண்டு அமைப்பைத் தொடங்கியபோது, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பதினெட்டு வயது இளைஞரைத்தான் அயல்நாடுகளுக்கு அனுப்பினர். சில ஆண்டுகளில் பட்டதாரிகளை அனுப்பினர். பிற்காலத்தில் தொழில் தேர்ச்சியும் அனுபவமும் உடையோரை அனுப்பும் அமைப்பாக அது மாறியது. நல்லெண்ணம் மட்டும் போதவில்லை.

நல்லெண்ணத்தைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியவர் இவான் இலிச். அப்போது குருவாக இருந்த அவர், 1968-இல் மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில், ஏழைகளுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டிருந்த அமெரிக்க மாணவர்களிடையே உரையாற்றினார். அம்மக்களின் மொழியைக்கூட அறியாமல் அவர்களுக்கு உதவ வந்திருக்கிறோம் என்று எண்ணுவதன் செருக்கை அவர் இரக்கமின்றிச் சுட்டிக்காட்டினார். கற்க வருபவராக வரலாம், கொடுக்க வருபவராக வரவேண்டாம் என்பதே அவர் உரையின் சாரம். கடுமைதான், ஆனால் சம்பளத்துக்குச் செல்பவர்க்கும் அதில் ஒரு பாடம் உண்டு. 'நான் கொடுக்கச் செல்கிறேன்' என்று எண்ணுகிறவர் தம் குறையைக் காண்பதில்லை.

இதற்கு மறுமொழியாக ஒரு வரலாற்றைச் சிலர் எடுத்துக்காட்டுவர். ஜோசப் ஜாக்கத்தோ என்னும் பிரெஞ்சு ஆசிரியர், அரசியல் மாற்றத்தால் நாட்டை விட்டு வெளியேறி, 1818-இல் லூவேன் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். மாணவர் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கு அவர்களின் பிளெமிய மொழி தெரியாது. ஆயர் ஃபெனலோன் எழுதிய 'தெலமாக்' என்னும் நூலின் இருமொழிப் பதிப்பு ஒன்று அப்போது கிடைத்தது. மொழிபெயர்ப்பின் துணையோடு பிரெஞ்சு மூலத்தைக் கற்குமாறு, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகச் சொன்னார். பின்னர், படித்ததைப் பற்றிப் பிரெஞ்சிலேயே எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியதன் தரம் அவரையே வியக்கவைத்தது. அவர் இலக்கணத்தை விளக்கவே இல்லை.

'பார்த்தீர்களா, கற்பிக்கத் தெரியாமலே கற்பிக்கலாம்' என்று இதிலிருந்து முடிவுகட்டுவது எளிது. ஆனால் அது தவறான முடிவு. ஜாக்கத்தோ அனுபவமற்றவர் அல்லர், பல்லாண்டுகள் கற்பித்தவர். அவருக்கு இல்லாதது மாணவரின் மொழி. அந்தக் குறையை அவர் மறைக்கவில்லை. மாணவரின் அறிவை நம்பினார். நல்ல நூலொன்றைக் கையில் கொடுத்தார். அவர்கள் செய்ததைக் கவனமாகப் பார்த்தார். தம் குறையை மூடுவதற்கு மாணவரைச் சிறுமைப்படுத்தாமல், மாணவரின் ஆற்றல் வெளிவர அதையே வழியாக்கினார். 1974-இல் அந்த டுடோரியல் வகுப்பில் நான் செய்ததற்கு நேர் எதிரானது இது.

ஆகவே நம் கேள்வி சற்று மாறுகிறது. 'தகுதியில்லாமல் தொடங்கலாமா?' என்பதன்று கேள்வி. 'தகுதியின்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?' என்பதே கேள்வி. இந்த நோக்கில் என் பேத்திக்குச் சில சொற்கள் எழுதினேன்.

முதலாவது, புறப்படும் முன் இயன்றதைக் கற்றுக்கொள். 1962-இல் ஜான் ஹேக்ராஃப்டும் அவர் மனைவி பிரிட்டாவும் லண்டனில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினர். அந்த வழியில் வளர்ந்ததே இன்று கேம்பிரிட்ஜ் வழங்கும் 'செல்ட்டா' சான்றிதழ். முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம். ஏறத்தாழ 120 மணி நேரம். அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர் முன் நின்று கற்பிக்க வேண்டும். பயிற்றுநர் பார்த்திருந்து நிறைகுறை சொல்வார். ஆறு மணி நேரம் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது. ஆனால் தன் அறியாமையின் எல்லையை ஒருவருக்குக் காட்ட அது போதும். வீட்டிலிருந்தே ஒரு வார இறுதியில் வாங்கிவிடக்கூடிய சான்றிதழ்களும் உண்டு. அவை சுவரில் மாட்டப் பயன்படும்.

இரண்டாவது, கற்பிக்கச் செல்லும் குழந்தைகளின் மொழியைக் கற்றுக்கொள். 1446-இல் மன்னர் சேஜோங் வெளியிட்ட கொரிய எழுத்து முறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. கொரிய மொழியில் வினைச்சொல் தமிழில் போலவே வாக்கியத்தின் இறுதியில் வரும். பெரியவரிடம் பேசும்போது வினை மரியாதை வடிவம் ஏற்கும். ஆங்கிலத்தின் 'எ', 'தி' போன்ற சொற்கள் அங்கும் இல்லை. நம் ஊரில் 'காஃபி' காப்பி ஆவதுபோல, அவர்கள் நாவிலும் அந்த ஒலி பகரமாகவே மாறுகிறது. இதை அறிந்த ஆசிரியர் குழந்தையின் பிழையைச் சோம்பல் என்று எண்ண மாட்டார். அது தாய்மொழி விட்டுச்சென்ற தடம் என்று உணர்வார். உன் பாட்டி கனடாவுக்கு வந்த புதிதில் ஆங்கிலம் பேசத் தடுமாறியதை உன் வீட்டில் கேட்டிருப்பாய். அந்த நினைவே உனக்கு ஒரு பயிற்சி.

மூன்றாவது, மூத்த ஆசிரியர் ஒருவர் அருகில் இருக்கும் இடத்தைத் தேடு. சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. அங்குள்ள கொரிய ஆசிரியை உன்னைப் போல் உச்சரிக்காமல் இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தை ஒவ்வொரு படியாக ஏறிக் கற்றவர் அவர். எந்தப் படியில் கால் இடறும் என்று அவருக்குத்தான் தெரியும். நீ அவரை விட மேலானவள் என்று நிறுவனம் விளம்பரம் செய்தாலும், நீ அதை நம்பிவிடாதே. உனக்குக் கிடைத்த இடம் உன் பிறப்பினால் வந்தது என்பதையும், அது கிடைக்காத தகுதியாளர் பலர் இருப்பதையும் மறவாதே. விதியின் அநீதி உன் குற்றமன்று. ஆனால் அந்த நினைவு உன்னைப் பணிவுள்ளவளாக வைத்திருக்கும்.

கடைசியாக, தெரியாதபோது தெரியாது என்று சொல். குழந்தைகள் அதை மன்னிப்பார்கள். தெரிந்ததுபோல் நடிப்பதைத்தான் அவர்கள் மறக்க மாட்டார்கள். இவ்வாறு எழுதி, அந்தச் சைக்கிள் கடைப் பையனின் கதையையும் எழுதினேன். இத்தனை ஆண்டுகளில் நான் அதை எவரிடமும் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கொரியப் பயணத்தைச் சில மாதங்கள் தள்ளிவைத்திருக்கிறாளாம். அவள் வீட்டுக்கு அருகில், புதிதாகக் குடியேறியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பொன்றில் மூத்த ஆசிரியைக்குத் துணையாகச் சேர்ந்திருக்கிறாள். சம்பளம் இல்லை. முதல் வாரமே அறுபது வயது அம்மையார் ஒருவர், "பள்ளிக்குப் போகிறேன் என்னும்போது 'தி' வேண்டாம் என்கிறீர்கள், கடைக்குப் போகிறேன் என்னும்போது 'தி' வேண்டும் என்கிறீர்கள், ஏன்?" என்று கேட்டாராம்.

"எனக்குத் தெரியவில்லை, தாத்தா. 'அது அப்படித்தான்' என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அப்புறம், 'எனக்குத் தெரியாது, டீச்சரைக் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன்' என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மறுநாள் எனக்காக முன்னதாகவே வந்து காத்திருந்தார்" என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பையனுக்கு நான் பட்ட கடன் அவனிடம் திருப்பிச் செலுத்த இயலாதது. ஆனால் சில கடன்களைப் பெற்றவரிடமே தீர்க்க வேண்டும் என்பதில்லை போலும். எங்கோ ஒரு குளிர் நாட்டில், யாரோ ஒரு முதிய தாயின் கேள்விக்கு என் பேத்தி நேர்மையாகச் சொன்ன "தெரியாது" என்னும் ஒரு சொல்லில், அதில் ஒரு சிறு பகுதி தீர்ந்திருக்கிறது என்று நம்ப விரும்புகிறேன்.